வாசலில் யாரையும் நிற்கவிடாத பெரியம்மா

அன்றைக்கு என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தபோது அவருக்குப் பயமாக இருந்ததா? அந்தக் கையை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். சூடாக இருந்தது. கொத்தமல்லி நறுக்கிய வாசனை வந்தது. நடுங்கியதா? சில நாள் நடுங்கியதாகத் தோன்றுகிறது. சில நாள், நடுங்கியது என் கைதான் என்று தோன்றுகிறது. அவர் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. இனி யாரிடம் கேட்பது?

அவர் ஹ்மாங் இனத்துப் பெண்மணி. லாவோஸ் மலைகளில் இருந்து போருக்குப் பின் பல நாடுகளுக்கும் சிதறிப்போன மக்கள் அவர்கள். ஆக்லாந்தில் அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரிலும் கிறிஸ்தவர்களாக இருந்த சில குடும்பங்களுக்கு அவருடைய கணவர் போதகர். அதற்கு முன்பு இருவரும் வடக்குத் தாய்லாந்தின் மலைக்கிராமங்களில் பல வருடம் மிஷனரிகளாக இருந்தவர்கள். இதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. முதலில் எனக்குத் தெரிந்தது, ரானுயி புறநகரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே டிரைவ்வே என்பது மட்டும்தான். முன் வீடு அவர்களுடையது. பின்னால் இருந்த சின்ன யூனிட்டில் நானும் என் கணவரும் இருந்தோம்.

சபையில் எல்லோரும் அவரை 'நியா லோ' என்று கூப்பிட்டார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "பெரிய அம்மா. அப்பாவோட அண்ணன் மனைவி" என்றார். "எங்க ஊர்லயும் அப்படியேதான், பெரியம்மா" என்றேன். சொல்லிப் பார்த்தார். 'பெரி' வரைக்கும் வந்தது, அப்புறம் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் பெரியம்மா. நாங்கள் பேசிக்கொண்டது உடைந்த ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் சொன்னதை விட அழகாக எழுதிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன். வாசலுக்கு வெளியே ஓர் ஆள் நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கூரியர்காரர் பெட்டியை வைத்துவிட்டு போட்டோ எடுப்பதற்குள் கதவு திறந்துவிடும். "வந்தாயா? சாப்பிட்டாயா?" அவர்கள் மொழியில் வணக்கம் சொல்வதே அப்படித்தானாம். வண்டியை அணைக்காமல் இறங்கி வந்த அந்த மனிதர் கையில் சூடான சோற்றுப் பொட்டலத்தோடு திரும்பி ஓடுவார். வாடகை வீட்டைச் சோதிக்க வரும் ஏஜென்சிப் பெண் ஒருத்தி இருந்தாள். எங்கள் யூனிட்டில் ஜன்னல் ஓரத்துப் பூஞ்சையைப் படம் எடுத்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போவாள். முன் வீட்டில் அதே பெண் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தன் விவாகரத்தைச் சொல்லி அழுதுகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, டை கட்டிய இரண்டு இளைஞர்கள் வேறொரு சபைக்கு ஆள் சேர்க்கத் தெருவில் வீடு வீடாக வந்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர்கள் பெரியம்மா வீட்டுக்குள் போனார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது ஒருவன் டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

"அவங்க பிரசங்கம் பண்ணத்தானே வந்தாங்க? நீங்க என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"சோறு போட்டேன். அப்புறம் அவங்களுக்காக ஜெபம் பண்ணினேன். நீளமா பண்ணிட்டேன் போல. பெரியவன் தூங்கிட்டான்."

என் கணவர் சொல்வார், "இந்தம்மா வீட்டுக்குத் திருடன் வந்தாக்கூட சாப்பிட்டுட்டுத்தான் திருடணும்."

நான் அவரிடம் முதலில் பேசியதும் இப்படித்தான். ஏழு மாத வயிற்றோடு குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கப் போனபோது எங்கள் கதவு காற்றில் சாத்திக்கொண்டது. சாவியும் போனும் உள்ளே. மழை. முன் வீட்டுக் கதவைத் தட்டலாமா, தூங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது, என் கணவர் வரும்வரை இங்கேயே நின்றுவிட்டால் என்ன என்று யோசித்தபடி கூரையோரத்தில் ஒதுங்கி நின்றேன். நான் அப்படித்தான். தட்டுவதற்கு முன் பத்து முறை யோசிப்பேன், பிறகு தட்டமாட்டேன். அவர் குடையோடு ஓடி வந்தார். "ஏன் வெளியே? ஏன் வெளியே?" என்று ஏதோ நான் அவருடைய பொருளைத் திருடியது போலத் திட்டிக்கொண்டே என்னை உள்ளே கூட்டிப்போனார். கால் துடைக்கத் துண்டு கொடுத்தார். நான் நின்றுகொண்டே துடைப்பதைப் பார்த்துவிட்டு, என்னை உட்காரவைத்து அவரே துடைத்தார்.

பிரசவத்துக்கு அம்மா வருவதாக இருந்தது. விசா வரவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்றே பெரியம்மா ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்து நின்றார். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் வேறு சாப்பாடு கிடையாது. மூலிகை போட்டு வேகவைத்த கோழி, அந்தச் சாறு, சுடச்சுடச் சோறு. குளிர்ந்த தண்ணீர்கூடத் தொடக்கூடாது.

"நான் சைவம், பெரியம்மா."

"முட்டை?"

"முட்டை சாப்பிடுவேன்."

"அப்ப கோழி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்திக்கலாம்" என்றார்.

மறுநாளில் இருந்து அதே மூலிகைச் சாறு, கோழிக்குப் பதில் டோஃபுவும் முட்டையும் போட்டு வந்தது. எலுமிச்சைப்புல் வாசனையோடு, மிளகு காரத்தோடு. வீடியோவில் அம்மா பார்த்துவிட்டு, "என்னடி இது, பத்தியச் சாப்பாடு மாதிரியே இருக்கு. யார் சொல்லிக்குடுத்தா அவங்களுக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கேமராவை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் செய்திருக்க வேண்டியதை வேறு யாரோ செய்கிறார்களே என்று அவளுக்கு இருந்திருக்கும். பெரியம்மா பூவேலைத் துணியில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டைப் பெருக்கினார். குழந்தையின் மணிக்கட்டில் நான் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தார். இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

நவம்பர் கடைசியில் அவர்களுக்குப் புத்தாண்டு. அறுவடை முடிந்த கொண்டாட்டம். கிறிஸ்தவர்களான பிறகு ஆவிகளுக்கான சடங்குகளை எல்லாம் விட்டுவிட்டு, நன்றி ஆராதனை, விருந்து, விளையாட்டு என்று வைத்துக்கொண்டார்கள். வழக்கமாக ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்குமாம். அந்த வருடம் ஹால் கிடைக்காததால் பெரியம்மா வீட்டு முன்புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். காலையிலிருந்தே பெண்கள் காசுகள் கோத்த உடையில் சலங்கைபோலச் சத்தம் எழ நடந்தார்கள். எதிரெதிர் வரிசையில் நின்று பையன்களும் பெண்களும் டென்னிஸ் பந்தை மாற்றி மாற்றி வீசிப் பிடித்தார்கள். கல்யாணம் கூடிவர அந்தக் காலத்து வழி அது என்று பெரியம்மா கண் சிமிட்டினார். ஊதா நிறத்தில் ஒட்டும் அரிசிச் சோறு. எனக்கென்று தனியாக, இறைச்சிக் கரண்டி படாமல் ஒரு கிண்ணம் கடுகுக் கீரை.

குழந்தைக்கு அன்று பத்தொன்பது நாள். "பச்சை உடம்பு, முப்பது கழியாம வாசப்படி தாண்டாதே" என்று அம்மா சொல்லியிருந்தாள். "அடுத்தவங்க வாசப்படி எங்கேம்மா தாண்டறேன், முன்னாடி புல்வெளியில பத்து நிமிஷம் நின்னுட்டு வரப்போறேன். அவங்க கிறிஸ்டியன்ஸ், தீட்டெல்லாம் கிடையாது" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

ஆக்லாந்து மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. ஒரே காற்றில் கூடாரத்தின் ஒரு கால் பிடுங்கிக்கொண்டது. எல்லோரும் தட்டுகளோடு வீட்டுக்குள் ஓடினார்கள். நானும் குழந்தையை அணைத்தபடி அவர்களோடு ஓடினேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வீடு முப்பது அடி தூரத்தில் இருந்தது. நான் அங்கே ஓடியிருக்கலாம். கூட்டம் ஓடிய பக்கம் ஓடினேன்.

கதவருகே சபையின் மூத்த பெண்மணி நின்றிருந்தார். கணவரை இழந்தவர், வயதான பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். குழந்தையின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தனை நாள்?" என்று கேட்டார். அந்த அளவுக்கு ஆங்கிலம் அவருக்குத் தெரியும்.

"பத்தொன்பது."

அவர் கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை. ரயில்வே கேட் இறங்குவது போல, மெதுவாக. பிள்ளை பெற்று முப்பது நாள் ஆகாதவள் அடுத்தவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் அந்த வீட்டைக் காக்கும் ஆவிகள் கோபித்துக்கொள்ளும், அந்த வீட்டாருக்கு நோய் வரும் என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் எப்படி இருக்கும்? அது என் அம்மாவின் கைதானே. உண்மையைச் சொன்னால், எனக்கு வருத்தமாகக்கூட இல்லை. திரும்பிவிடத்தான் இருந்தேன்.

அதற்குள் உள்ளே இருந்து பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏன் வெளியே?"

மூத்தவர் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். வீட்டுக்குள் பேச்சு நின்றது. ஒரு குழந்தையின் உடையில் காசுகள் மட்டும் கொஞ்ச நேரம் கிணுகிணுத்தன. பெரியம்மா கொத்தமல்லி நறுக்கிய கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நிலையில் இருந்த அந்தக் கையைத் தடவிக்கொடுத்து இறக்கிவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கூடத்தின் நடுவில் நிறுத்தி எல்லோருக்கும் கேட்கும்படி ஏதோ சொன்னார். போதகர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த வீட்டில் கோபித்துக்கொள்கிற ஆவி இல்லை, இங்கே இருக்கும் ஆண்டவர் குழந்தைகளைக் கூப்பிடுகிறவர் என்கிறாள்."

ஓர் ஆமென் வந்தது. அப்புறம் நிறைய ஆமென்கள். யாரோ என் தலையைத் துண்டால் துவட்டினார்கள். மூத்த பெண்மணி தன் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, மழையில், சாப்பிடாமல் போய்விட்டார்.

சில வாரம் கழித்து ஒரு மதியம் பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவராகவே ஆரம்பித்தார். மலைக்கிராமத்தில் மிஷனரியாக இருந்தபோது ஒரு பெண் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தாளாம். அவள் வீட்டுச் சுவரில் இருந்த ஆவிகளின் பீடத்தை இறக்கி முற்றத்தில் எரித்தார்கள். காப்புக்குக் கட்டிய மணிக்கட்டுக் கயிறுகளை அறுத்தார்கள். அறுத்தது பெரியம்மாதான். அந்த மழைக்காலத்திலேயே அவளுடைய குழந்தை காய்ச்சலில் போய்விட்டது.

"அது காய்ச்சல்தானே, பெரியம்மா" என்றேன்.

"காய்ச்சல்தான். அந்தத் தெருவிலேயே நாலு குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் இல்லை, ரோடு இல்லை." கீரையைத் திருப்பிப் போட்டார். "அவள் தினமும் எங்க வீட்டுக்கு எதிரே வந்து நிப்பா. திட்டமாட்டா. அழமாட்டா. நான் கூப்பிடுவேன். உள்ளே வா, உள்ளே வா. வரமாட்டா. அவ ஒருத்தியைத்தான் என்னால உள்ளே கொண்டுவர முடியலை."

அவர் சொன்ன கதைகளில் முடிவில்லாமல் நின்றுபோனது இது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் ஒரு வேத வசனம் வைத்திருப்பார்.

மே மாதம் அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர்கள் மக்களில் பலருக்கு உள்ள மஞ்சள் காமாலைக் கிருமி சிறுவயதிலேயே அவர் உடம்பில் இருந்திருக்கிறது, பல வருடமாக உள்ளே அரித்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னாராம். எனக்கு அது புரிகிறது. படித்தவள்தான். ஒரு வாசற்படி கல்லீரலை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு நாள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ரயில் நிலையம் பக்கம் போனபோது அந்த மூத்த பெண்மணி எதிரே வந்தார். வண்டியைப் பிடித்து நிறுத்தினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்.

"நீ. கதவு. இப்ப அவளுக்கு நோய்."

நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன்.

"ரெண்டு கோழி. ஊதுபத்தி. கதவுக்கு வெளியே நின்னு சாரி. அவ்வளவுதான்." கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலச் சொன்னார். அவருக்கும் பெரியம்மா வேண்டும். அது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

அதை அப்படியே போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு கோழியா? நீ கோழியை எப்படித் தூக்குவே? அது உன்னைத் தூக்கிக்கிட்டுப் போயிடும்." போதகரைக் கூப்பிட்டுச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, குழந்தை தூங்கிய பிறகு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலையில் நாங்கள் ஊரின் தெற்கே தகனினிக்கு வீடு மாறினோம். புது எஸ்டேட், புது வீடு, மார்ட்கேஜ். நான் எல்லர்ஸ்லி ஆபீஸுக்குத் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்தேன். மோட்டார்வேயில் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம். ரானுயி நகரத்தின் மறுகோடி. வாரம் ஒருமுறை போவேன் என்று சொன்னது மாதம் ஒருமுறை ஆனது. அதுவும் குழந்தைக்கு டேகேரில் ஒட்டிய சளியோடு போகலாமா, அவருக்குத் தொற்றிவிடுமே என்று இரண்டு முறை பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். சளிதான் காரணமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வருடப் புத்தாண்டை அவர்கள் கொண்டாடவில்லை. கட்டிலைச் சுற்றி நின்று ஒரு பாட்டு பாடினார்கள் என்று போதகர் சொன்னார்.

கடைசியாகப் பார்த்தது பிப்ரவரியில். நல்ல வெயில், மரமெல்லாம் சில்வண்டு இரைச்சல். அவருடைய கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வாசலைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. போதகர் பார்மசிக்குக் கிளம்பிப் போனார். குழந்தை தரையில் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. பெரியம்மாவின் முகம் மஞ்சளாகி, கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. நான் கால் பிடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு தடவை வெளியே போயிட்டு வர்றியா?"

"என்ன வேணும், பெரியம்மா? வாங்கிட்டு வரட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். வெளியே நின்னு சாரி சொல்லிட்டு, உள்ளே வா."

எனக்கு உடனே புரிந்தது. புரியாதது போலக் கேட்டேன். "யாருக்குச் சாரி?"

"வீட்டுக்கு." கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். "கோழி வேண்டாம்."

அந்த அரை நிமிடத்தில் எத்தனை யோசித்தேன்! மருந்து பேசவைக்கிறது, சுயநினைவில் இப்படிக் கேட்கமாட்டார். போதகர் இப்போது திரும்பிவந்தால் என்ன நினைப்பார்? முப்பது வருடமாக இவர் எதற்காக வாழ்ந்தாரோ அதை நான், ஒரு இந்துப் பெண், ஒரு நொடியில் கலைத்துவிடலாமா? நான் சாரி சொன்னால் என்னால்தான் இந்த நோய் என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா? இந்தக் கடைசி யோசனைதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியதாக இருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

"பெரியம்மா, நீங்கதானே சொன்னீங்க, இந்த வீட்டில கோபப்படுற ஆவி இல்லைன்னு? இருக்கிறவர் குழந்தைகளைக் கூப்பிடுகிறவர்னு?" என்றேன். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போலச் சொன்னேன். அவர் விசுவாசத்தை அவரிடமிருந்தே காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றார். "நான்தான் சொன்னேன்."

பிறகு, "குழந்தை சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

பதினோரு நாள் கழித்து இறந்துபோனார். சவப்பெட்டியின் மேல் அவருடைய புத்தாண்டு உடையை விரித்திருந்தார்கள். அந்த மூத்த பெண்மணி என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சென்ற வாரம் போதகர் போன் செய்தார். இந்த வருடம் புத்தாண்டு உண்டு, அதே புல்வெளியில், ஏனென்றால் டிசம்பரில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆஸ்திரேலியாவில் தங்கையோடு இருக்கப் போகிறார். "மகளே, அந்தக் கதவுக் கதையை நீ சொல்லணும். நான் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடம். பசங்க அதை நாடகமாப் போடறாங்க. ஆனா நீ சொன்னா அது சாட்சி. அவள் பயப்படலைன்னு நீதான் சொல்ல முடியும். அவ பிடிச்சது உன் கையைத்தானே." நான் "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சரி என்று சொல்லிப் பழகிய வாய்.

என் கணவரிடம் சொன்னேன். "அந்தாளு பாவம், தனியா இருக்காரு. நல்ல கதையைச் சொல்லிட்டு வா. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். பிப்ரவரி மதியத்தைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில்லை. ஆபீசில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டில் அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ கேட்டதை நீர் செய்திருக்கலாம்தானே?" என்றார்.

"அவங்க நம்பிக்கைக்கு விரோதமா..."

"நம்பிக்கை அவவின்ர. சாகப்போற மனுசி. வெளியில போய் ரெண்டு சொல் சொல்லிப்போட்டு வாறதுக்கு உமக்கு என்ன வந்தது?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், "ஐயோ, நான் சும்மா கதைச்சனான். அழாதேயும்" என்றார்.

அவர் சும்மா கதைக்கவில்லை. ஆனால் அவர் சொல்வதும் முழுக்கச் சரியா? பெரியம்மா உண்மையாகவே கேட்டாரா? நான் என்ன செய்வேன் என்று சோதித்தாரா? தனக்காகக் கேட்டாரா? அல்லது நான் அந்த ரயில் நிலையப் பேச்சைச் சுமந்துகொண்டு திரிவது தெரிந்து, அதை இறக்கிவைக்க எனக்கு ஒரு வழி செய்துகொடுத்தாரா? யாரையும் வெளியே நிற்கவிடாத ஒருவர் அதற்காகக்கூடச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் நான் அவரைப் புரிந்துகொள்ளவே இல்லை. ஒருவேளை அந்த நேரத்தில் அவர் நினைத்தது என்னையே அல்ல, மலைக்கிராமத்தில் தன் வீட்டுக்கு எதிரே நின்ற அந்தப் பெண்ணை. எந்தப் பதிலை எடுத்தாலும் இன்னொன்று வந்து அதைத் தட்டிவிடுகிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். புத்தாண்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அவர் பயப்படவில்லை என்று சொன்னால், ஒரு தனி மனிதர் மீதமுள்ள நாட்களுக்கு வைத்துக்கொள்ளும்படி ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவேன். எனக்குத் தெரியாத ஒன்றைச் சத்தியம் செய்ததாகவும் ஆகும். பயந்தார், பயந்துகொண்டேதான் என்னை உள்ளே இழுத்தார் என்று சொன்னால் அது இன்னும் பெரிய விசுவாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிப்ரவரி மதியத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அதைச் சொன்னால், நாடகம் போட ஒத்திகை பார்க்கும் அந்தப் பிள்ளைகளின் முன்னால் அவர் முப்பது வருடமாகச் சொன்னதை நான் அவிழ்த்துவிடுவேன். யாரும் பார்க்காதபோது கதவுக்கு வெளியே நின்று அந்தச் சாரியை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்றும் நினைக்கிறேன். அது இப்போது யாருக்குப் போய்ச் சேரும்?

எனக்குச் சமாதானம் எழுத வேண்டாம். நான் செய்தது சரியா தவறா என்றும் எழுத வேண்டாம். அதைத் தினமும் நானே எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையில் அவருடைய கணவர் உட்கார்ந்திருப்பார். என் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். நீங்கள் என் இடத்தில் நின்றிருந்தால் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பீர்கள்? அந்த முதல் வாக்கியத்தை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.